ஆல்பம் கட்டுரையில் இசை வகைத் தகராறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

விக்கிப்பீடியாவில் ஆல்பம் கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். வெளியீட்டுத் தேதியில் தகராறு வராது. தயாரிப்பாளர் பெயரிலும் பாடல் நீளத்திலும் வராது. வலப்பக்கப் பெட்டியில் 'இசை வகை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் வரும். ஒருவர் ஹார்ட் ராக் என்று போடுவார், அடுத்தவர் ஹெவி மெட்டல் என்று மாற்றுவார், மூன்றாமவர் இரண்டையும் எடுத்துவிட்டு ப்ளூஸ் ராக் என்பார். சான்றில்லாமல் இசை வகையை மாற்றுகிறவர்களுக்கென்றே ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி எச்சரிக்கை வார்ப்புரு (ஆயத்தச் செய்தி) வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பரவலான சிக்கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே சொல்வது பெரும்பாலும் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைமுறை. ஆல்பம் கட்டுரைகள் குவிந்திருப்பதும் சண்டை அதிகம் நடப்பதும் அங்கேதான். தமிழ் விக்கிப்பீடியாவிலும் அடிப்படை விதிகள் இவையே. இங்கே ஆட்கள் குறைவு என்பதால் தனித்தனி முறையீட்டுப் பக்கங்களைத் தேடி அலைய வேண்டாம், ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்திலோ ஒரு நிர்வாகியின் பேச்சுப் பக்கத்திலோ சொன்னால் போதும்.

எதையும் தொடுவதற்கு முன்

மூன்றைத் திறந்து வையுங்கள்: பக்க வரலாறு, பேச்சுப் பக்கம் (பழைய உரையாடல்களின் காப்பகத்தோடு சேர்த்து), கட்டுரையில் இசைப் பாணியைப் பற்றிப் பேசும் பத்தி. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பெட்டி என்பது கட்டுரையின் சுருக்கம். கட்டுரைக்குள் சான்றோடு சொல்லப்படாத எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. பாணியைப் பற்றி ஒரு பத்தியே இல்லாத கட்டுரையில் பெட்டியை மட்டும் எத்தனை முறை திருத்தினாலும் சண்டை திரும்ப வரும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் பத்தியை முதலில் சரிசெய்யுங்கள், பெட்டியில் கடைசியாகக் கை வையுங்கள்.

அறிகுறி 1: வகை அடிக்கடி மாறுகிறது, மாற்றியவர் காரணம் எழுதவில்லை

வரலாற்றில் சில பைட்டுகள் கூடியும் குறைந்தும் இருக்கும். தொகுப்புச் சுருக்கம் (மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடம்) காலியாக இருக்கும்.

*இருக்கும் வகைக்கே சான்று இல்லையா?* பெரும்பாலும் இதுதான் காரணம். சான்றில்லாத வரியைப் பார்ப்பவர் தன் காது சொல்வதை அங்கே எழுதத்தான் செய்வார். பழைய சொல்லுக்கும் சான்றில்லை, புதிய சொல்லுக்கும் சான்றில்லை என்றால் "முன்பு இருந்தது இதுதான்" என்று திருப்பிப் போடுவதில் எந்த நியாயமும் இல்லை. நல்ல விமர்சனங்கள் இரண்டு மூன்றைத் தேடி எடுங்கள். பாணிப் பத்தியில் ஒரு வாக்கியம் எழுதி அடிக்குறிப்பு போடுங்கள். அதற்குப் பிறகு பெட்டியை அதற்கேற்ப மாற்றுங்கள். பாதிக் கட்டுரைகளில் சிக்கல் இத்தோடு அடங்கிவிடும்.

*ஏதாவது செய்தி வந்திருக்கிறதா?* குழு புது ஆல்பம் வெளியிட்டிருக்கலாம், பழைய ஆல்பத்துக்கு ஆண்டு நிறைவு வந்திருக்கலாம், உறுப்பினர் ஒருவர் இறந்திருக்கலாம். அந்த நாட்களில் ரசிகர்கள் கூட்டமாக வந்து போவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடி ஓடித் திருப்பாமல் கூட்டம் குறைந்ததும் மொத்தமாகப் பாருங்கள்.

*எல்லாம் ஒரே ஆளா?* மாற்றியவரின் பங்களிப்புப் பட்டியலைத் திறங்கள். பத்து ஆல்பம், பத்திலும் வகை மட்டும், பத்திலும் ஒரே திசையில் மாற்றம் என்றால் அது ஒரு தனி ஆளின் பழக்கம். கணக்கு இல்லாமல் தொகுப்பவர் என்றால் அதே தெரிவு வேறு அடையாளங்களிலும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு முறை திருப்பி, சுருக்கத்தில் காரணம் எழுதுங்கள்: "பாணிப் பத்தியில் சான்றோடு இருப்பது இந்த வகை, மாற்ற வேண்டுமென்றால் பேச்சுப் பக்கத்துக்கு வாருங்கள்." அவருடைய பேச்சுப் பக்கத்தில், நான்கு நிலை எச்சரிக்கையில் முதல் நிலைக் குறிப்பை வையுங்கள். அது மரியாதையான மொழியில் இருக்கும். நிறையப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், சிலர் நல்ல பங்களிப்பாளர்களாகவும் மாறுகிறார்கள். புதியவர் ஒருவரை முதல் நாளே துரத்திவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. நல்லெண்ணத்தோடு செய்த வகை மாற்றம் விஷமத் தொகுப்பு ஆகாது. சுருக்கத்தில் 'விஷமம்' என்று எழுதிவிட்டு நான்காம் முறை திருப்பினால் தடை உங்களுக்கே வரலாம். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் திருப்பக் கூடாது என்ற விதிக்கு விலக்கு உண்டு. ஆனால் இங்கே உதவக்கூடிய விலக்கு கண்கூடான விஷமத்தைத் திருப்புவதற்கானது. சான்றில்லாத வகை மாற்றம் சாதாரணமாக அதில் சேராது.

*எப்போது நிர்வாகி?* நான்கு நிலை எச்சரிக்கையும் முடிந்து அதே ஆள் தொடர்ந்தால் முறையீட்டுப் பக்கத்துக்குப் போங்கள். பல பேர், கணக்கில்லாத பல அடையாளம், ஒரே நாளில் பல மாற்றம் என்றால் பக்கப் பாதுகாப்பு கேளுங்கள். பகுதிப் பாதுகாப்பு போட்டால், கணக்கு தொடங்கி 4 நாளும் 10 தொகுப்பும் ஆனவர்களே அங்கே கை வைக்க முடியும். வாரத்துக்கு ஒரு மாற்றம் நடக்கும் பக்கத்துக்கு இதைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். நின்று நின்று சொட்டும் அந்த மாதிரிப் பக்கங்களுக்கு, மாற்றம் வெளியே தெரிவதற்கு முன் ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும் முறையைக் கேட்டுப் பார்க்கலாம்.

அறிகுறி 2: வகைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது

யாரும் சண்டை போடவில்லை. யாரும் எதையும் நீக்கவும் இல்லை. வருகிறவர் எல்லாம் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போக, பெட்டியில் எட்டு ஒன்பது வகை நிற்கும். நான்கைத் தாண்டினாலே நான் பேச்சுப் பக்கத்தைத் திறந்துவிடுவேன்.

*பாட்டின் வகை ஆல்பத்தின் வகையாக ஏறிவிட்டதா?* ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' (2000) இதைச் சோதிக்க நல்ல ஆல்பம். 'தி நேஷனல் ஆந்தம்' பாட்டில் ஊதுகருவிகள் கூட்டமாக வந்து ஃப்ரீ ஜாஸ் போல முட்டி மோதும். 'ட்ரீஃபிங்கர்ஸ்' முழுக்க முழுக்க ஆம்பியன்ட். இந்த இரண்டையும் விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள், சான்று கிடைக்கும். அதை வைத்து ஆல்பத்தின் பெட்டியில் 'ஃப்ரீ ஜாஸ்' என்று போடலாமா? கூடாது. சான்று ஒரு பாட்டைப் பற்றிப் பேசுகிறது. பெட்டி ஆல்பத்தைப் பற்றியது. அந்த வாக்கியம் பாணிப் பத்திக்குப் போகட்டும். பாட்டுக்குத் தனிக் கட்டுரை இருந்தால் அதன் பெட்டிக்கும் போகலாம்.

*தாக்கம் வகையாக மாறிவிட்டதா?* சான்றில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே படியுங்கள். "இது ஒரு சோல் ஆல்பம்" என்றால் சோல் வகை. "சோல் இசையின் சாயல் தெரிகிறது", "சோலை நோக்கிக் கை நீட்டுகிறது", "எழுபதுகளின் சோலை நினைவூட்டுகிறது" இவை எதுவும் வகையைச் சொல்லவில்லை. விமர்சகர்கள் வர்ணனைக்காக எழுதும் இந்த மாதிரி வாக்கியங்களிலிருந்துதான் பட்டியல் வீங்குகிறது.

*தாயும் பிள்ளையும் ஒன்றாக நிற்கின்றனவா?* ராக், ஆல்டர்நேட்டிவ் ராக், இண்டி ராக் என்று மூன்றும் இருந்தால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஆல்பம் பெட்டியின் வழிகாட்டல் பொதுவான பெயரையே விரும்புகிறது. உட்பிரிவுகளைப் பத்தியில் விளக்கலாம்.

குறைக்கும்போது சத்தமில்லாமல் நீக்காதீர்கள். பேச்சுப் பக்கத்தில் ஒவ்வொரு வகைக்கும் நேரே அதன் சான்றையும், சான்றில் இருக்கும் சரியான வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். எது நிற்கும், எது பத்திக்குப் போகும் என்று முன்மொழிந்து சில நாள் பொறுங்கள். தான் சேர்த்த வகை காணாமல் போனால் கோபம் வரும். பத்திக்குள் விமர்சகர் பெயரோடு இடம் மாறியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் யாரும் திரும்ப வருவதில்லை.

அறிகுறி 3: அடிக்குறிப்பு இருக்கிறது, அதைத் திறந்தால் அந்த வகை அங்கே இல்லை

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த அறிகுறிதான். சான்றில்லாத வரியைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். எண்ணிட்ட அடிக்குறிப்போடு நிற்கும் பொய்யான வரியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நிற்கும், மற்ற தளங்கள் அதைப் பார்த்து எழுதும்.

*யாரோ சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறார்களா?* சான்றை அப்படியே விட்டுவிட்டு முன்னால் இருக்கும் வகையை மட்டும் மாற்றிவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சான்றுப் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் போஸ்ட் பங்க் என்பதை நடுவில் கோடு போட்டும் போடாமலும் எழுதுவார்கள். நியூ மெட்டலுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. எல்லா வடிவிலும் தேடிப் பார்த்த பிறகே 'இல்லை' என்று சொல்லுங்கள். இணைப்பு இறந்திருந்தால் வேபேக் மெஷினில் பழைய படி கிடைக்கலாம். அச்சுப் பத்திரிகை என்றால் சேர்த்தவரிடமே அந்த வாக்கியத்தைக் கேளுங்கள். மேற்கோள் வார்ப்புருவில் வாக்கியத்தை எழுதி வைக்கத் தனி இடம் இருக்கிறது. தகராறு வரும் வகைகளுக்கு அதை நிரப்பி வைப்பது நல்லது.

*சான்று சரி, எடுத்த இடம் தவறா?* ஆல்மியூசிக் தளத்தில் பெயர் போட்ட விமர்சகர் எழுதும் விமர்சனத்தைச் சான்றாக ஏற்கிறார்கள். அதே பக்கத்தின் ஓரத்தில் வகை, பாணி என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை ஏற்பதில்லை. விமர்சனத்தில் ஒரு வகையும் ஓரப் பட்டியலில் வேறொன்றும் இருப்பது உண்டு. ஆப்பிள் மியூசிக் போன்ற கடைகள் ஆல்பத்தின்மேல் ஒட்டும் வகைச் சீட்டுக்கும் இதே நிலைதான். அது பொருளை அடுக்கி வைக்க ஒட்டியது, யாரும் கேட்டு ஆராய்ந்து எழுதியது இல்லை.

*பயனர்களே எழுதும் தளமா?* ரேட்யுவர்மியூசிக்கில் வகையைப் பயனர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ், லாஸ்ட்.எஃப்எம் ஆகியவற்றிலும் தரவு பயனர்கள் போடுவது. புது இசை தேட இவை அருமையான இடங்கள், அங்கே உழைப்பவர்களின் காதையும் பொறுமையையும் நான் மதிக்கிறேன். ஆனால் கலைக்களஞ்சியத்துக்கு இவை சான்றாகா. நம்மைப் போன்றவர்கள் சொன்னதை நாமே சான்றாகக் காட்டுவது போல ஆகிவிடும். விக்கித்திட்டம் ஆல்பங்கள் என்ற குழு, ஏற்கத்தக்க தளம் எது, தகாத தளம் எது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வாதாடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

*இரண்டு சான்றைக் கூட்டி மூன்றாவது சொல்லை உண்டாக்கியிருக்கிறார்களா?* ஒருவர் "கனமான கிட்டார்" என்கிறார், இன்னொருவர் "ராப் பாணிக் குரல்" என்கிறார். அதைக் கொண்டு பெட்டியில் 'ராப் மெட்டல்' என்று எழுதினால் அது தொகுப்பவரின் சொந்த முடிவு. முடிவு சரியாகவே இருந்தாலும் அந்தச் சொல்லை ஒரு சான்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

*சான்றே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதா?* இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும். பக்க வரலாற்றிலிருந்து விக்கிபிளேம் கருவிக்குப் போனால் ஒரு சொல் எந்தத் தேதியில் கட்டுரைக்குள் வந்தது என்று காட்டும். அந்தத் தேதியையும் சான்றுக் கட்டுரையின் தேதியையும் ஒப்பிடுங்கள். சொல் முதலில் விக்கியில் வந்து, சான்று பிறகு வந்து, வாக்கிய அமைப்பும் ஒத்துப்போனால் அந்தச் சான்றை நம்ப வேண்டாம். பழைய ஆல்பங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. விக்கிப்பீடியா தொடங்கியது 2001 ஜனவரியில். அதற்கு முன் அச்சான விமர்சனமோ இசை அகராதியோ கிடைத்தால் இந்தச் சுழல் சிக்கல் அறவே இல்லை.

*எப்போது வெளியாள்?* தளம் நம்பத்தக்கதா என்பதில் இருவருக்கும் உடன்பாடு வராவிட்டால் நம்பகச் சான்றுகளுக்கான அறிவிப்புப் பலகைக்கோ ஆல்பங்கள் திட்டத்தின் பேச்சுப் பக்கத்துக்கோ போங்கள். எந்தத் தளம், எந்த வாக்கியம், எதற்குச் சான்று என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். "இந்தத் தளம் நல்ல தளமா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாகத்தான் வரும்.

அறிகுறி 4: நல்ல சான்றுகள் இரண்டு, இரண்டும் வேறு வேறு வகை சொல்கின்றன

*உண்மையிலேயே முரணா?* லிங்கின் பார்க் குழுவின் 'ஹைப்ரிட் தியரி' 2000 அக்டோபரில் வந்தது. நியூ மெட்டல், ராப் மெட்டல், ராப் ராக், ஆல்டர்நேட்டிவ் மெட்டல் ஆகிய நான்கையும் அதற்கு விமர்சகர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். நியூ மெட்டல் என்ற விமர்சகர் 'ராப் ராக் கிடையாது' என்று சொல்லவில்லை. ஒன்று மற்றொன்றை மறுக்காதபோது இரண்டும் நிற்கலாம். தகராறாகத் தெரிகிற பலவும் இந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடும்.

*காலம் வேறா?* பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. ரோலிங் ஸ்டோன் அப்போது வெளியிட்ட விமர்சனம் அதை க்ரீம் குழுவோடு ஒப்பிட்டு மட்டம் தட்டியது. பிற்கால விமர்சகர்களோ ஹெவி மெட்டல் இங்கேதான் பிறந்தது என்று கொண்டாடுகிறார்கள். ஒரு வகை உருவாகும் நேரத்தில் வந்த ஆல்பத்துக்கு அந்த வகையின் பெயரை அன்றைய விமர்சகர் தந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னால் திரும்பிப் பார்த்து எழுதியவர்களின் முடிவுக்குப் பெட்டியில் இடம் கொடுங்கள். வெளியான நாளில் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பத்தியில் தேதியோடு எழுதுங்கள். படிப்பவருக்கு அதுவே சுவையான செய்தி.

*எடை சமமா?* ஆல்பத்துக்காகவே எழுதிய முழு விமர்சனமும், 'சிறந்த 50 ஆல்பங்கள்' பட்டியலில் போகிற போக்கில் வந்த ஒரு சொல்லும் சமமாகா. பலர் சொல்வது பெட்டிக்கு. ஒருவர் மட்டும் சொல்வது அவர் பெயரோடு பத்திக்கு.

எது முதலில் வர வேண்டும் என்ற வரிசைச் சண்டையும் நடக்கும். அகரவரிசை என்று பேச்சுப் பக்கத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குமேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி 5: "கலைஞரே அப்படி இல்லை என்று சொல்லிவிட்டார்!"

ரசிகர்கள் கொண்டுவரும் வலுவான ஆயுதம் இது. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி, தாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றே கடைசிவரை சொன்னார். மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் ஜெரார்ட் வே, எமோ என்ற முத்திரையை வெளிப்படையாக வெறுத்தார். பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' வெளிவருவதற்குச் சில நாள் முன் இன்ஸ்டாகிராமில், இது கன்ட்ரி ஆல்பம் இல்லை, இது ஒரு 'பியான்சே' ஆல்பம் என்று எழுதினார். ஆல்பம் 2024 மார்ச் 29 அன்று வந்தது. 2025 பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி அதற்கே கிடைத்தது.

*முதல் சோதனை:* கலைஞர் உண்மையில் என்ன சொன்னார்? முழுப் பேட்டியையும் படியுங்கள். பல நேரம் அவர் மறுப்பது இசையை இல்லை, ஒரு கூட்டத்தோடு தன்னைச் சேர்ப்பதையும் ஒரு முத்திரைக்குள் அடைப்பதையும்தான். பியான்சேயின் அந்தப் பதிவிலேயே கன்ட்ரி இசை உலகில் தனக்கு முன்பு கிடைத்த வரவேற்பு பற்றிய மனக்குறை இருக்கிறது.

*இரண்டாவது:* கலைஞர் தன்னைப் பற்றிச் சொல்வது அவருடைய கருத்துக்குச் சான்று. அதைப் பத்தியில் அவர் பெயரோடு தாராளமாக எழுதுங்கள், எழுதாமல் விட்டால்தான் குறை. ஆனால் பெட்டி, வெளியாட்களான விமர்சகர்கள் பெரும்பாலும் சொல்வதைப் பின்பற்ற வேண்டும்.

*மூன்றாவது:* விருதைக் காட்டி எதிர்வாதம் வந்தால் அதுவும் செல்லாது. விருதுப் பிரிவு, போட்டிக்கு அனுப்புவதற்காக வகுத்தது. 1989 கிராமியில் ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முறை வைத்த விருது, ஜெத்ரோ டல் குழுவின் 'கிரெஸ்ட் ஆஃப் எ நேவ்' ஆல்பத்துக்குப் போனது. தோற்ற பட்டியலில் மெட்டாலிக்கா இருந்தது. அந்த விருதை வைத்து ஜெத்ரோ டல் ஆல்பத்தை மெட்டல் என்று எழுத யாருக்கும் மனம் வராது. இதே அளவுகோலைப் பியான்சே ஆல்பத்துக்கும் வையுங்கள். அங்கே கன்ட்ரி என்று எழுதுவதென்றால் விமர்சகர்கள் சொன்னதற்காக எழுத வேண்டும், கோப்பை கிடைத்ததற்காக இல்லை.

அறிகுறி 6: வகை இருக்கும் இடத்தில் 'திரைப்பட ஒலித்தடம்' என்று இருக்கிறது

தமிழ், இந்தித் திரைப்பாடல் ஆல்பங்களின் கட்டுரைகளில் இது பரவலாக இருக்கிறது. ஆல்பம் பெட்டியில் 'ஒலித்தடம்' என்று சொல்ல ஏற்கெனவே தனிப் புலம் (வரி) உண்டு. அது ஆல்பம் எப்படிப்பட்ட வெளியீடு என்பதைச் சொல்வது: ஸ்டுடியோ ஆல்பமா, மேடைப் பதிவா, திரட்டா, ஒலித்தடமா. இசை வகைப் புலத்திலும் அதையே எழுதினால் ஒரே தகவல் இரண்டு முறை வருகிறது, இசையைப் பற்றி ஒன்றும் சொன்னதாக ஆகவில்லை.

சரி, அதை எடுத்துவிட்டு என்ன போடுவது? இங்கேதான் அவசரம் கூடாது. ஒரே படத்தில் தாலாட்டு, கும்மி, காதல் பாட்டு, டிஸ்கோ எல்லாம் வரும். 'தளபதி' (1991) படத்தின் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' கல்யாணி ராகத்தில் அமைந்தது என்பதால் அந்த ஆல்பம் கர்நாடக இசை ஆகிவிடாது. ராகம் பாட்டின் செய்தி, பாட்டைப் பற்றிய வரியில் எழுதுங்கள். தமிழில் வரும் விமர்சனங்கள் பாடகரையும் வரிகளையும் பேசும் அளவுக்கு வகையைப் பேசுவதில்லை. அதனால் சான்று கிடைக்காத திரைப்பட ஆல்பங்களில் வகைப் புலத்தைக் காலியாக விடுவதே நேர்மை. காலிப் புலம் ஒரு பிழை இல்லை.

திரைப்படம் சாராத ஆல்பம் என்றால் கதை வேறு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தியாகராஜருக்கும் மேற்கத்திய இசை மேதை ஜொஹான் செபாஸ்டியன் பாக்கிற்கும் காணிக்கையாக வந்தது. கர்நாடக இசையும் மேற்கத்திய செவ்வியல் இசையும் அதில் எப்படிக் கலக்கின்றன என்பதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அங்கே வகையை நிரப்பத்தான் வேண்டும். பின்னர் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதைக் காட்டி யாராவது வெளியீட்டு வகையை 'ஒலித்தடம்' என்று மாற்றினால் ஆண்டைச் சுட்டிக்காட்டித் திருப்பிவிடுங்கள். ஆல்பம் முதலில் வந்தது.

அறிகுறி 7: மாற்றிச் சேமித்தாலும் பெட்டியில் பழைய வகையே தெரிகிறது

மூலத்தைத் திறந்து பாருங்கள். வகைப் புலம் காலியாக இருந்தும் பக்கத்தில் ஒரு வகை தெரிந்தால் அது எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவிலிருந்து வருகிறது. சில மொழி விக்கிப்பீடியாக்களின் பெட்டிகள் அப்படி அமைந்திருக்கின்றன. விக்கித்தரவில் இசை வகைக்கான பண்பு எண் பி136. அங்கே ஒரே ஆல்பத்துக்குப் பல மதிப்புகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று தரலாம். 'ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து இறக்கியது' என்ற குறிப்பு சான்று ஆகாது. அங்கே திருத்தினால் பல மொழிகளில் ஒரே நேரத்தில் மாறும் என்பதால் சான்று கையில் இல்லாமல் தொட வேண்டாம்.

அறிகுறி 8: அனுபவமுள்ள இருவர், இருவரிடமும் சான்று, இருவரும் விடுவதாக இல்லை

முதலில் நிறுத்துங்கள். பெட்டியில் எது இருந்தாலும், தவறாகவே இருந்தாலும், அப்படியே விடுங்கள். மூன்று முறை வரை திருப்பலாம் என்று யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. மூன்றுக்குள் நின்றாலும் தொகுப்புப் போர் (மாறி மாறித் திருப்புவது) என்று முடிவானால் இருவரையும் தடுக்கலாம்.

பிறகு செலவு குறைந்த வழியிலிருந்து ஏறுங்கள். பேச்சுப் பக்கத்தில் ஒரு தலைப்பு போட்டு எதிராளியை அழையுங்கள். அவர் எழுதியதைப் பற்றிப் பேசுங்கள், அவரைப் பற்றி வேண்டாம். "உங்களுக்கு மெட்டல் தெரியுமா?" என்ற கேள்வி எழுந்தவுடன் அந்த உரையாடல் செத்துவிடும், மூன்றாமவர் யாரும் உள்ளே வர மாட்டார்.

இருவர் மட்டும் பேசி முட்டி நின்றால் மூன்றாம் கருத்து கேட்கலாம். தொடர்பில்லாத ஒருவர் வந்து படித்துவிட்டுத் தன் எண்ணத்தைச் சொல்வார். அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. மூன்று பேருக்கு மேல் என்றால் ஆல்பங்கள் திட்டத்தின் பேச்சுப் பக்கத்தில் நடுநிலையாக ஓர் அறிவிப்பு வையுங்கள். தனக்கு ஆதரவான ஆட்களுக்கு மட்டும் சொல்லி அழைத்தால் அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

கடைசியாகத்தான் பொதுக் கருத்துக் கோரல். வழக்கமாக 30 நாள் ஓடும், பலருடைய நேரத்தைத் தின்னும். கேள்வியை ஒரே வரியில், சாய்வில்லாமல் கேளுங்கள்: "இசை வகைப் புலத்தில் எவை இருக்க வேண்டும்: அ, ஆ, இரண்டுமா?" ஒவ்வொன்றின் சான்றையும் வாக்கியத்தோடு கீழே கொடுத்துவிடுங்கள். வருகிறவர் மீண்டும் தேடும்படி வைக்காதீர்கள்.

நிர்வாகியை எதற்குக் கூப்பிடலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். இது நியூ மெட்டலா ராப் ராக்கா என்று எந்த நிர்வாகியும் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை. மூன்று முறைக்கு மேல் திருப்பக் கூடாது என்ற விதியை மீறுவது, போலிக் கணக்கு, தனிநபர் தாக்குதல், பக்கப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அவரிடம் போங்கள். போகும்போது எந்தத் தொகுப்பில் என்ன மாறியது என்று காட்டும் வேறுபாட்டு இணைப்புகளைத் தேதியோடு வரிசையாகக் கொடுங்கள்.

முடிவு வந்த அன்றே இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. பாணிப் பத்தியை முடிவுக்கு ஏற்ப எழுதிப் பெட்டியை அதோடு பொருத்துங்கள். பெட்டியின் வகைப் புலத்தில் தொகுப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் மறைகுறிப்பு ஒன்றை வையுங்கள்: "பேச்சுப் பக்கத்தில் எட்டிய முடிவு இது, மாற்றும் முன் அங்கே பார்க்கவும்." காப்பகத்தில் அந்த உரையாடல் எங்கே இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். புதிய சான்று கிடைத்து யாராவது மறுபடி கேட்டால் அந்த உரையாடலிலிருந்தே பேச்சைத் தொடரலாம்.